பட்டை யார் கையில் இருந்தது

இடுப்புக்குப் பின்பக்கம் ஒரு வலி. உப்பு வாருகிற வாருபலகையை இழுத்து இழுத்து வந்தது. தொடைக்கு இறங்கினால் மணி எட்டு, முழங்காலுக்கு வந்தால் ஒன்பது. இசக்கிராஜ் கடிகாரம் கட்டுவதில்லை. அந்தச் சனிக்கிழமை வலி குதிகாலுக்கே வந்துவிட்டது. குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. பாத்திக்குள் ஒவ்வொரு எட்டும் யாரோ கீறிவிட்டு எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. வேலை இன்னும் பாதி கிடந்தது. துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, மத்தியானத்துக்குள் உப்பு அம்பாரம் ஏறியாக வேண்டும் என்று கங்காணி காலையிலேயே கத்திவிட்டுப் போயிருந்தார்.

இடது முழங்கைக்குக் கீழே ஒட்டியிருந்த பட்டை மஞ்சளுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சிவப்பு.

தூத்துக்குடியில் வெயில் நாற்பத்தாறைத் தாண்ட ஆரம்பித்த வருஷங்களில், உப்பளத்தில் ஆட்கள் வேலை செய்தபடியே விழுந்து செத்தார்கள். அதற்குப் பிறகு சட்டம் வந்தது. வெயிலில் நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் வேர்வைப் பட்டை. உடம்பு தாங்காது என்று பட்டைக்குத் தெரிந்தால் சிவப்பு எரியும். எரிந்தால் ஆள் நிழலுக்குப் போக வேண்டும். போனால் அரைநாள் கூலி கிடையாது. உயிரைக் காப்பாற்ற வந்த சட்டம் வயிற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதனால் அளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டைக்கு ஆளைத் தெரியாது, தோலைத்தான் தெரியும். வெயிலில் நிற்பவன் பட்டையை உரித்து, ஷெட்டுக்குள் சாக்கு தைக்கிறவர்கள் யாராவது ஒருத்தர் கையில் ஒட்டிவிடுவான். பட்டை நிழலில் இளைப்பாறும், ஆள் வெயிலில் வேலை பார்ப்பான். சாயங்காலம் வாங்கித் திரும்ப ஒட்டிக்கொள்வான். இதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. கங்காணிக்கும் தெரியும்.

"மதினி, கையை நீட்டுங்க."

தங்கபுஷ்பம் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள். ஐம்பது வயது. ஏற்கெனவே மூன்று பட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"வாங்க கொழுந்தனாரே. இன்னும் ரெண்டு சேந்தா முழங்கை வரைக்கும் வளையல் போட்ட மாதிரி ஆயிரும். கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு போடல நான்."

"ஒரு ரெண்டு மணி நேரம்தான்."

"ஒட்டிட்டுப் போலே. நின்னு கதை பேசாத, உன் கண்ணு சொருகுது."

மணி பத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

*

அந்தப் பட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது இசக்கிராஜுக்குத் தெரியும், ஷெட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

பட்டையைச் செய்தவர்கள் வேர்வையில் சில நோய்களின் அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் வசதியையும் உள்ளே வைத்திருந்தார்கள். கம்பெனிக்கு அதனால் லாபம் இல்லை, மூடியே கிடந்தது. பழைய துறைமுகம் பக்கம் திருநங்கைகள் சேர்ந்து நடத்தும் ஒரு கிளினிக் கோர்ட்டுக்குப் போய், போட்டிருப்பவர் சம்மதித்தால் அவர் போனுக்கு மட்டும் அதைத் திறந்துவிடலாம் என்று அனுமதி வாங்கியது. அவர்கள் செய்த செயலிக்குக் கைவிளக்கு என்று பேர். ஆணை விரும்பும் ஆண்களும், திருநங்கைகளும், திருநம்பிகளும் அதில் இருந்தார்கள். பட்டை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருதடவை நோய் பார்க்கும். பட்டை இல்லாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ரத்தம் கொடுப்பார்கள். இரண்டு பேர் சந்திக்கும்போது போனையும் போனையும் பக்கத்தில் வைத்தால் விளக்கு எரியும். பச்சை அல்லது சிவப்பு.

காவலும் உண்டு. புதிதாக ஒருத்தரைப் பார்க்கப் போகிறவர் போனில் 'போறேன்' என்று அமுக்குவார். சொன்ன நேரத்துக்குள் 'வந்துட்டேன்' என்று அமுக்கவில்லை என்றால் கிளினிக்கிலிருந்து கூப்பிடுவார்கள். எடுக்கவில்லை என்றால் இரண்டு பேர் பைக்கில் கிளம்பிவிடுவார்கள். ஆசை காட்டிக் கூப்பிட்டு அடித்துப் பிடுங்குகிற கும்பல்கள் இருந்த ஊர். காவல் வந்த பிறகு அது பாதியாகக் குறைந்தது. ஆபத்தான ஆட்களைப் பற்றி எழுதி வைக்க ஒரு எச்சரிக்கைப் பட்டியலும் இருந்தது.

இசக்கிராஜ் லியோனைச் சந்தித்தது கைவிளக்கில்தான். லியோன் தோணியில் வேலை பார்ப்பவன். வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிற தோணி. முதல் சந்திப்பில் லியோன் பையிலிருந்து ஆணுறையை எடுத்தான். இசக்கிராஜ் போனைக் காட்டினான்.

"பச்சைதான எரியுது."

"எரியட்டும். இதும் இருக்கட்டும்" என்றான் லியோன்.

இரண்டு மாதம் அப்படித்தான் போனது. பிறகு இசக்கிராஜ்தான் வேண்டாம் என்றான். லியோன் கேட்டான்: "நீ வேற யாரையும் பாக்கலியே?" "விளக்கப் பாரு, என்னை ஏன் கேக்க?" என்றான் இசக்கிராஜ். லியோனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை போனைத் திறந்தபோது சிவப்பு எரிந்தது. சிஃபிலிஸ், கிளினிக்குக்கு வரவும்.

இசக்கிராஜ் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்தான். ஐந்து மாதமாக லியோனைத் தவிர யாரையும் அவன் தொடவில்லை. லியோன் போன வாரம்தான் மாலேயிலிருந்து வந்திருந்தான். யோசிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தான். லியோனுக்குப் போன் போட்டான்.

"எங்கலே இருக்க?"

"தோணியில. தார் பூசிக்கிட்டு இருக்கேன். என்ன, காலையிலயே சூடா இருக்க?"

"மாலேயில எவன்கூட இருந்த?"

"எவன்கூட? வெங்காய மூட்டை கூட. என்ன விஷயம்?"

"எனக்குச் சிவப்பு எரியுது."

தார்ச்சட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி, பயப்படாத" என்றான் லியோன். "என்ன போட்டிருக்கு? சிஃபிலிஸா? அது ஊசியில போயிரும். நானும் பாக்கணும். நாளைக்கு ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

"பேச்சை மாத்தாத. நான் உன்னைத் தவிர யாரையும் தொடல."

"நானும்தான்."

"அப்ப பட்டை பொய் சொல்லுதா?"

"பட்டையப் பத்தி எனக்குத் தெரியல இசக்கி. நான் பொய் சொல்லல."

இசக்கிராஜ் போனை வைத்தான். எச்சரிக்கைப் பட்டியலைத் திறந்தான். அடிப்பவர், மிரட்டிப் பணம் பறிப்பவர், படம் எடுத்து மிரட்டுபவர் என்று வரிசை போனது. நாலாவதாக, 'தெரிந்தே நோய் கொடுத்தவர்'. அதில் லியோன் பேரை எழுதினான். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

*

ஊசிக்கு அவன் உடனே போகவில்லை. கிளினிக் ஒரு பைக் மெக்கானிக் கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி தெருவைப் பார்த்து இருந்தது. யாராவது பார்ப்பார்கள் என்று ஒரு நாள், லீவு இல்லை என்று ஒரு நாள், இடுப்பு வலி என்று ஒரு நாள். கிளினிக்கிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை. லியோன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. கடைசியில் மூன்று வாரம் கழித்துப் படியேறினான். நர்ஸ் ரத்தம் எடுத்தாள், பட்டையையும் சோதிக்க வாங்கிக்கொண்டாள். ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள்.

கிளினிக்கைப் பார்த்துக்கொள்வது செவ்வந்தி. நாற்பது வயதுத் திருநங்கை. ஒரு காலத்தில் மீன் ஏலத்தில் கூடை தூக்கியவள், தோள் இன்னும் அப்படியே அகலமாக இருந்தது. கையில் காகிதத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, உனக்கு ஒண்ணும் இல்ல."

"ஊசி?"

"எதுக்கு ஊசி? நோயே இல்லங்கேன். இப்பவும் இல்ல, முன்னயும் வந்ததில்ல. வந்திருந்தா ரத்தத்துல அடையாளம் கிடக்கும். உனக்கு அதும் இல்ல. வெள்ளைத் தாளு."

"அப்ப பட்டை கெட்டுப்போச்சா?"

"பட்டையையும் சோதிச்சாச்சு. நல்லாத்தான் இருக்கு." செவ்வந்தி காகிதத்தை மடித்தாள். "அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு எங்க இருந்த?"

"அளத்துல. லோடு."

"பட்டை எங்க இருந்துச்சு?"

இசக்கிராஜ் முழங்கையைப் பார்த்தான். அவன் முகம் வெளுப்பதைச் செவ்வந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஷெட்டுல" என்றான்.

"ஷெட்டுல யார் கையில?"

"அக்கா, பேரு…" என்று இழுத்தான்.

"பேரு வேண்டாம். எங்கம்மாவும் அளத்துல இருந்தவதான், எனக்குத் தெரியும் இந்த வேலையெல்லாம்." குரலை உயர்த்தாமலே பேசினாள். "வெயிலுக்கு ஏமாத்த பட்டையக் கழட்டினியே, அதே பட்டைதான விளக்குக்கும்னு ஒரு நிமிஷம் தோணலியா?"

"தோணலக்கா. சத்தியமா. அது வேற, இது வேறன்னே இருந்துட்டேன்."

"ம்."

"லியோனுக்கு…"

"லியோன் நீ எழுதின மறுநாளே வந்தான். ரத்தம் குடுத்தான். சுத்தம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் வந்து குடுத்தான், அதும் சுத்தம். உனக்கு மூணு வாட்டி போன் போட்டேன்."

"நீங்களே அழிச்சிருக்கலாம்லா?"

"எழுதினவங்கதான் அழிக்கணும். இல்லன்னா ஏழு பேர் கூடி அழிக்கணும், மாசக் கடைசியில. முன்னால ரவுடிப் பயலுவ இங்க வந்து கத்தியக் காட்டி அவனுவ பேரை அழிக்கச் சொன்னானுவ. அதுக்காகப் போட்ட விதி. நாந்தான் போட்டேன்." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "பட்டியல்ல இருக்கவங்களுக்குக் காவல் கிடையாது. அதும் நாந்தான் போட்டேன்."

கீழே மெக்கானிக் ஒரு பைக்கை உறுமவிட்டு அணைத்தான்.

"என்ன ஆச்சு அவனுக்கு?"

"பட்டியல்ல பேரு வந்தவனுக்கு நல்லவன் எவனும் பதில் போடமாட்டான். தெரிஞ்ச பயலுவகூட பேசலயாம். பேச ஒரு ஆளு கிடைச்சா போதும்னு இருந்திருக்கான். பதில் போட்டவன் ஒரே ஒருத்தன். பழைய கிடங்குப் பக்கம் வரச் சொல்லிருக்கான், பகல் மூணு மணிக்கு. போனா நாலு பேரு. மணிக்கட்ட ஒடிச்சு, போனைப் பிடுங்கிட்டுப் போயிட்டானுவ. காவல் இருந்திருந்தா அரைமணி நேரத்துல நம்ம ஆளுவ போயிருப்பாங்க. அவன் ரெண்டு மணி நேரம் அங்கனயே கிடந்தான்."

இசக்கிராஜ் தரையைப் பார்த்தான். தரையில் யாரோ சிந்திய டிங்சர் காய்ந்து கிடந்தது.

"கட்டோட இங்க வந்தான்" என்றாள் செவ்வந்தி. "உன்னைத் திட்டுவான்னு பாத்தேன். 'இசக்கி ஊசி போட்டுட்டானாக்கா? இல்லன்னா போடச் சொல்லுங்க, அவன் படியேற வெக்கப்படுவான்'னு சொல்லிட்டுப் போனான்."

அவன் அங்கேயே போனை எடுத்துப் பட்டியலிலிருந்து பேரை அழித்தான். காரணம் என்று கேட்டது. 'தவறு என்னுடையது. பட்டை என் கையில் இல்லை' என்று எழுதினான்.

"ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள் செவ்வந்தி. "அந்தச் செவப்பு யாரோ ஒரு ஆளோடது. கவனிக்காம விட்டா வருஷக்கணக்கா உள்ளயே இருந்து மூளை வரைக்கும் போகும். அந்த ஆளுக்குச் சொல்லணும்."

"எப்படிக்கா சொல்ல? எம் பட்டையில எதுக்கு அதைப் பாக்காங்கன்னு கேப்பாங்கள்லா. நாளைக்கு அளம் பூரா தெரியும். பெறவு நான் எந்தப் பாத்தியில கால் வைக்க?"

"நான் வேணும்னா போய்ச் சொல்லுதேன். பேரைச் சொல்லு."

அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"வேண்டாம்" என்றான். "ஒருத்தன் பேரைக் குடுத்தது போதும். நானே சொல்லுதேன்."

*

மறுநாள் மத்தியானம். ஷெட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும் வெளியே நிழலில் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இசக்கிராஜ் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். கோவப்படாதீங்க."

"கடன் கேக்காத. வேற எது வேணும்னாலும் சொல்லு."

சொன்னான். ஒரே மூச்சில், தரையைப் பார்த்தபடி. பட்டை நோயும் பார்க்கும், அந்தச் சனிக்கிழமை உங்கள் கையில் இருந்தது, சிவப்பு வந்தது, எனக்கு இல்லை, உங்கள் கையிலிருந்த மற்ற மூன்றும் நோய் பார்க்கத் திறக்காத பட்டைகளாக இருக்கும், அதனால் அவை ஒன்றும் சொல்லவில்லை, ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும். நோயின் பேரையும் சொன்னான்.

தங்கபுஷ்பம் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அது பழசுலே."

"என்னது?"

"பதினெட்டு வருஷம் ஆச்சு. எம் வீட்டுக்காரரு லாரியில போயி ஊர் ஊரா வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்தாரு. மூணு வாரம், வாரத்துக்கு ரெண்டு ஊசி, ரெண்டு பக்கமும். உக்கார முடியாம நின்னுக்கிட்டே சாக்கு தைச்சேன். நோய் போயிரும், ரத்தத்துல தழும்பு மட்டும் கிடக்கும், பெறவு யாரும் டெஸ்ட் எடுத்தா பயப்படாதன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிச்சு. உன் பட்டை தழும்பப் பாத்துட்டுக் கத்திருக்கு."

இசக்கிராஜுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. யாருக்கும் நோய் இல்லை. அவனுக்கு இல்லை, லியோனுக்கு இல்லை, எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கும் இல்லை. ஒடிந்தது ஒரு மணிக்கட்டு மட்டும்.

"சரி, அப்ப உன் பட்டையில எதுக்குலே அதைப் பாக்க?" என்றாள் தங்கபுஷ்பம்.

அதையும் சொன்னான். லியோன் என்று ஒருத்தன் என்று ஆரம்பித்தான்.

"யாரு, அந்தத் தோணிக்காரனா? பைக்குல கொண்டாந்து கேட்டுக்கு முன்னாடியே இறக்கிவிட்டுட்டுத் திரும்பிருவானே, சுருட்டை முடி?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் இறக்கிவிடுத அன்னைக்கு மட்டும்தான் உன் மூஞ்சி மூஞ்சி மாதிரி இருக்கும். மத்த நாளு கங்காணி மூஞ்சி." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஷெட்டுல ரெண்டு பேருக்குத் தெரியும். பாத்தியில யாருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. நான் சொல்லமாட்டேன்."

பிறகு மற்றதையும் கேட்டாள். பட்டியலை, கிடங்கை, மணிக்கட்டை. அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேன். இல்லன்னான்."

"பெறவு?"

"பட்டையில…"

"ஆமா, பட்டையில. எம் வீட்டுக்காரர நான் கேட்டப்ப, ஆஸ்பத்திரி ஊசி சுத்தமில்ல, அதுல வந்திருக்கும்னாரு. செத்துப்போற வரைக்கும் அதையேதான் சொன்னாரு. உனக்கு உண்மையச் சொல்லுத ஒரு பய கிடைச்சிருக்கான், நீ வேர்வைய நம்பிட்டு அவனைப் பிடிச்சுக் குடுத்திருக்க." சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்தக் கிளினிக்குக்காரிக்கிட்டச் சொல்லு, புதன்கிழமை நானும் வந்து ஒருவாட்டி பாத்துக்கிடுதேன். மாடிப்படி எத்தனை?"

"பதினெட்டு."

"கைப்பிடி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வாரேன்."

*

அன்றைக்குச் சாயங்காலமே பழைய துறைமுகத்துக்குப் போனான். லியோனின் தோணி நின்ற இடத்தில் வேறொரு தோணி நின்றது. வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோணி ஆபீஸில் மீசைக்காரர் ஒருத்தர் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

"லியோனா? முந்தாநாள் போயிட்டானே."

"கை ஒடிஞ்சிருக்குல்லா அண்ணாச்சி?"

"கட்டோடதான் ஏறினான். கயிறு இழுக்க முடியாது, சோறு ஆக்குதேன்னான். தோணி ஓட்டுத தண்டையல் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னாரு, கரையில எனக்கு என்ன இருக்குன்னு கேட்டுட்டு ஏறிட்டான். மாலே போய் இறக்கிட்டு, காத்துப் பாத்துத்தான் திரும்பணும். இருபது நாளும் ஆகும், முப்பதும் ஆகும். நீங்க யாரு?"

"கூட்டாளி."

மீசைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டாளின்னா போறப்ப வந்திருக்கணும்" என்றுவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

போனில் சொல்லவும் வழியில்லை. லியோனிடம் போன் இல்லை. தோணி ரேடியோவில் சொல்லலாம், ஆனால் அதைத் தண்டையலும் கேட்பார், பக்கத்துத் தோணிக்காரர்களும் கேட்பார்கள். லியோனின் பேரை ஊர் கேட்கச் சொல்வது இன்னொரு தடவை வேண்டாம் என்று இசக்கிராஜ் நினைத்தான்.

புதன்கிழமை தங்கபுஷ்பம் படியேறிப் போய் ரத்தம் கொடுத்தாள். பழைய தழும்புதான், புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பட்டியலில் எழுதும் விதியைச் செவ்வந்தி ஏழு பேரைக் கூட்டி மாற்றினாள். இனி ரத்தம் பார்க்காமல் நோய் விஷயத்தில் யார் பேரையும் எழுத முடியாது. பட்டியலில் இருந்தாலும் காவல் உண்டு. விளக்கு எரிவதற்கு முன்னால் கைவிளக்கு ஒரு கேள்வியும் கேட்க ஆரம்பித்தது: இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குப் பட்டை உங்கள் கையில்தான் இருந்ததா? பதிலைக் கம்பெனிக்குத் தரமாட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி போன் செய்தாள்.

"தம்பி, உங்க அளத்துல இருந்து மட்டும் பதினேழு பேரு 'இல்லை'ன்னு போட்டிருக்காங்க."

"பதினேழு பேரா? எங்க அளத்துலயா?"

"உன்னைச் சேக்காம."

திங்கட்கிழமை பாத்திக்குள் நின்று இசக்கிராஜ் சுற்றிலும் பார்த்தான். இருநூறு பேர் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். யார் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. பட்டை மஞ்சளுக்கு வந்தபோது அவன் அதைக் கழற்றவில்லை. சிவப்பு எரிந்ததும் பலகையைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய் உட்கார்ந்தான். கங்காணி திட்டினார்.

தோணி இன்னும் வரவில்லை. லியோனிடம் நேரில் போய், நீ சொன்னது உண்மை, நான் செய்தது தப்பு, உன் கை ஒடிந்தது என்னால் என்று சொல்ல வேண்டும். அந்த மன்னிப்பை அவன் இன்னும் கேட்கவில்லை. அது பாக்கி.